பத்து வெள்ளியும் ஒரு தலைவரின் சேவைக் கணக்கும்

(தொலைக்காட்சிக் கருத்துமேடை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு 'அரசியல்வாதியும் சமூகச் சேவையும்'. தலைப்பைச் சொன்னவுடன் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஏன் தெரியுமா? அறிவிப்பாளர் தொழிலில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள்தாம் மேடைதோறும் அரசியல்வாதிகளின் சேவைக் குறிப்பை வாசிப்பவர்கள். ஏற்பாட்டாளர் ஒரு தாளைக் கையில் கொடுப்பார். 'ஏழைப் பங்காளர், கல்விக் காவலர், சமுதாயத்தின் விடிவெள்ளி' என்று அதில் இருக்கும். குரலை ஏற்றி இறக்கி வாசிப்போம். மாலை விழும், கைத்தட்டல் எழும், படம் பிடிப்பார்கள். அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டப்புறத் தீபாவளி விருந்து. பிரமுகரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவருடைய சேவைக் குறிப்பை ஏழு நிமிடம் வாசித்துவிட்டுக் கீழே இறங்கினேன். முன் வரிசையில் பரிசுக் கூடைக்காகக் காத்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நல்லா வாசிச்சே. தோட்டத்த வித்துட்டாங்களே, எங்களுக்கு வீடு உண்டா இல்லையான்னு அந்தத் தாளுல ஏதும் எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாளில் அப்படி ஒரு வரியும் இல்லை.

பிறகு அந்தப் பாட்டியே சொன்னார்: "எங்க காலத்துல சம்பந்தன் வந்தாரு. அவரு கூடை ஒண்ணும் குடுக்கல. எங்ககிட்டதான் பத்து வெள்ளி கேட்டாரு!"

சேவை செய்ய வந்த தலைவர் கொடுக்கவில்லை, கேட்டார் என்கிறார். அதையும் பெருமையாகச் சொல்கிறார். அன்றுதான் துன் வீ.தி. சம்பந்தனைப் பற்றி நான் ஒழுங்காகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

சாலைப் பெயருக்குப் பின்னால்

கோலாலம்பூரில் மோனோரயில் ஏறியவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். கே.எல். சென்ட்ரலை அடுத்த நிலையம் 'துன் சம்பந்தன்'. பிரிக்பீல்ட்ஸின் முக்கியச் சாலைக்கும் அவர் பெயர்தான். பூக்கடைக்கும் துணிக்கடைக்கும் போய்வரும் நம் பிள்ளைகளிடம் 'இந்தச் சம்பந்தன் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஒரு மந்திரி' என்பார்கள். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 'ம.இ.கா. தலைவர்' என்பார்கள். அதற்கு மேல் கதை நகராது.

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் 1919 ஜூன் 16-இல் பிறந்தவர் சம்பந்தன். தந்தையார் வீராசாமி 1896-இல் மலாயாவுக்கு வந்து, உழைத்து, ரப்பர் நிலங்களுக்கு உரிமையாளராக உயர்ந்தவர். ஆக, சம்பந்தன் லயத்து வீட்டில் பிறந்தவர் அல்லர். வசதியான வீட்டுப் பிள்ளை. கோல கங்சார் கிளிபர்ட் பள்ளியில் ஆங்கிலக் கல்வி. பிறகு தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பு. இந்தியாவின் விடுதலைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. மாணவர் சம்பந்தனை அந்தக் காற்று தொடாமல் விடவில்லை.

இன்னொரு பொருத்தத்தையும் கவனியுங்கள். 1948 ஜூன் 16, அவருக்கு 29 வயது நிறைந்த நாள். அன்றுதான் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. தோட்டத்து மக்கள் ஒரு பக்கம் துப்பாக்கிக்கும் மறுபக்கம் முள்வேலிக்கும் நடுவில் வாழ்ந்த காலம். அந்த ஊர்தான் சம்பந்தனின் ஊர். அரசியலை அவர் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை.

அந்த அவசரகாலம் முடிவதற்கு முன்பே, 1954-இல், சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. அதற்குப் பெரும் துணையாக நின்றவர் சம்பந்தன். திறந்துவைத்தவர் ஜவகர்லால் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். அந்தக் கலாசாலை இன்றும் தமிழ்ப்பள்ளியாக நடந்துகொண்டிருக்கிறது. பதவிக்கு வந்த பிறகு செய்த வேலையல்ல இது. அவர் அமைச்சராவதற்கு முன்பே நடந்தது.

வேட்டி கட்டியவர்களின் கட்சி

1946-இல் தொடங்கிய ம.இ.கா.வுக்கு 1955-இல் ஐந்தாவது தலைவராக வந்தார் சம்பந்தன். அதற்கு முன்பு கட்சியின் தலைமை பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்களின் கையில் இருந்தது. தோட்டத்துத் தமிழர்களுக்கு அது தூரத்து வீடு. சம்பந்தன் தமிழிலேயே பேசினார், தோட்டந்தோறும் போனார். பால்மரம் வெட்டுகிறவர்களும் புல் வெட்டுகிறவர்களும் 'நம்ம கட்சி' என்று சொல்லத் தொடங்கியது அவர் காலத்தில்தான்.

அதே 1955-இல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல். 52 இடங்களில் 51 இடங்களைக் கூட்டணி வென்றது. சம்பந்தன் வட கிந்தாவில் வென்று தொழிலாளர் அமைச்சரானார். 1957-இல் சுகாதார அமைச்சர். பிறகு பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக நெடுங்காலம். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு இனங்களுக்கிடையே நம்பிக்கையை மீட்கவேண்டிய நேரத்தில், 1972-இல் தேசிய ஒற்றுமை அமைச்சர். 1973-இல் ஒரு நாள் பொறுப்புப் பிரதமராகவும் இருந்திருக்கிறார்.

இவையெல்லாம் பதவிகள். வாசிக்க நன்றாக இருக்கும். என் கையில் கொடுக்கப்படும் தாள்களில் இருப்பதும் இதுபோன்ற பட்டியல்தான். ஆனால் அந்தப் பாட்டிக்கு இந்தப் பட்டியலில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அவருக்கு நினைவில் இருந்தது பத்து வெள்ளி.

தோட்டத் துண்டாடல்

அந்தப் பத்து வெள்ளியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் 1950-களுக்குப் போகவேண்டும்.

கொரியப் போர்க் காலத்தில் உச்சத்துக்குப் போன ரப்பர் விலை அதன்பின் இறங்கியது. நாடு சுதந்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 'நாளைக்கு என்ன ஆகுமோ' என்ற கவலையில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்களில் பலருக்குத் தோட்டம் நடத்தும் எண்ணமே இல்லை. மொத்தமாக வாங்கி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறுபோட்டு விற்றால் ஏக்கருக்குக் கூடுதல் விலை கிடைக்கும். மாட்டை உயிரோடு விற்பதைவிடக் கறியாக விற்றால் லாபம் என்கிற கணக்கு! இதைத்தான் 'தோட்டத் துண்டாடல்' என்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றி உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் தனியாக ஓர் ஆய்வே நடத்தியது என்றால் அது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் என்பது வெறும் ரப்பர் மரமா? தோட்டத்தில் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். லயம் இருந்தது. ஆயாக்கொட்டகை இருந்தது. தண்ணீர்க் குழாய், மருந்து கொடுக்கும் டிரசர், மாரியம்மன் கோயில், திருவிழா, பெரட்டுக் களம், சாவு விழுந்தால் புதைக்க இடுகாடு, எல்லாம் அதற்குள்ளேதான். பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்பது 1923 தொழிலாளர் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு. நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை தோட்டங்களில் இருந்ததற்கு அதுவே காரணம்.

ஒரே நிர்வாகம் இருந்தவரைக்கும் இந்தப் பொறுப்புகளுக்கு ஓர் ஆள் இருந்தார். தோட்டம் நூறு துண்டானதும் பத்து ஏக்கர் வாங்கியவரிடம் போய் 'பள்ளிக்கூடத்தை நடத்துங்கள்' என்று யார் கேட்பது? அவருக்குத் தேவை இரண்டு மூன்று ஆள். அதையும் குத்தகைக்கு விட்டுவிடுவார். வேலை போனால் லயமும் போனது. லயம் போனால் பள்ளியும் கோயிலும் போயின. ஒரு கையெழுத்தில் ஒரு கிராமமே கலைந்துபோனது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை அறியாதவர்கள் சட்டி பானையோடு சாலை ஓரத்துக்கு வந்தார்கள்.

கொடுக்கவில்லை, கேட்டார்

இந்த இடத்தில் ஓர் அமைச்சர் என்ன செய்யலாம்? அறிக்கை விடலாம். நேரில் போய் ஆறுதல் சொல்லலாம். அரிசியும் போர்வையும் கொடுக்கலாம். எதுவும் தவறில்லை. ஆனால் அடுத்த மாதம் அடுத்த தோட்டம் விற்கப்படும். அப்போது?

சம்பந்தன் வேறு வழியில் யோசித்தார். தோட்டத்தை யாரோ வாங்கித் துண்டுபோடுகிறார்களே, அதை நாமே ஏன் வாங்கக் கூடாது? 'நாம்' என்றால் பணக்காரர்கள் அல்லர், அந்தத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அவருக்குத் தோள்கொடுத்தவர்களில் முக்கியமானவர் பின்னாளில் டான் ஸ்ரீ ஆன கே.ஆர். சோமசுந்தரம். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்குங்கள் என்றார்.

இன்றைக்குப் பத்து ரிங்கிட் என்றால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அன்றைக்கு ஒரு நாள் கூலியே சில வெள்ளிகள்தாம். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. செட்டிக் கடை பாக்கி, பிள்ளைக்குச் சட்டை, ஊருக்கு அனுப்பும் பணம், இத்தனைக்கும் நடுவில் பத்து வெள்ளி! அதைக் கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்? கொடுக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும்?

பயந்தவர்களும் இருந்திருப்பார்கள். 'நம்மகிட்ட காச வாங்கிட்டுப் போயி தோட்டம் வாங்குறாங்களாம், கேட்டீங்களா கதைய' என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் போதுமானவர்கள் நம்பினார்கள். சங்கத்தின் முதல் தோட்டமாகக் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம், ஏறத்தாழ 3,000 ஏக்கர், வாங்கப்பட்டது. கூலி வேலைக்கென்று கப்பல் ஏறி வந்தவர்களின் பிள்ளைகள், அரை நூற்றாண்டு கழித்து, தாங்கள் பால் வெட்டும் மரத்துக்குப் பங்குதாரர்கள் ஆனார்கள். 1979-இல் துன் சம்பந்தன் மறைந்தபோது சங்கத்திடம் 18 தோட்டங்கள் இருந்தன. உறுப்பினர்கள் 85,000-க்கும் மேல்.

நேயர்களே, இதுதான் அந்தப் பாட்டியின் பெருமைக்குக் காரணம். கூடை வாங்கியவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். பங்கு வாங்கியவர் கணக்குக் கேட்பார். அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக் கேட்டாரே ஒரு கேள்வி, அது பங்கு வாங்கியவரின் குரல் என்றுதான் நினைக்கிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது

இப்படியே பேசி முடித்தால் இதுவும் இன்னொரு சேவைக் குறிப்பு ஆகிவிடும். ஆகவே குறைகளையும் சொல்லவேண்டும்.

தோட்டங்கள் அத்தனையையும் காப்பாற்ற ஒரு கூட்டுறவுச் சங்கத்தால் முடியவில்லை. காப்பாற்றியது ஒரு பகுதிதான். பங்கு வாங்கிய தொழிலாளி தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனாரே தவிர, தாம் குடியிருந்த லயத்து வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடவில்லை. கூலி உயர்வுப் போராட்டத்துக்கு இது மாற்றும் அன்று. அந்த வேலையைத் தொழிற்சங்கங்கள்தாம் செய்யவேண்டியிருந்தது.

குடியுரிமை விவகாரம் இதைவிடக் கசப்பானது. தோட்டங்களில் பலர் குடியுரிமை எடுக்காமலே இருந்துவிட்டார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். சில குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. ஒவ்வொரு தோட்டத்துக்கும் போன கட்சி, ஒவ்வொருவர் கையிலும் குடியுரிமைத் தாள் இருக்கிறதா என்று இன்னும் அழுத்தமாகப் பார்த்திருக்க வேண்டாமா? இந்தக் கேள்வி நியாயமானது. அதற்கான பொறுப்பில் தலைவருக்கும் பங்கு உண்டு.

கட்சிக்குள்ளும் அமைதி இல்லை. 18 ஆண்டுகள் தலைவராக இருந்தவரை 'போதும்' என்று சொன்ன அணி வலுத்தது. உட்கட்சிப் பூசல் முற்றி, 1973-இல் தலைமைப் பொறுப்பை வீ. மாணிக்கவாசகத்திடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு அமைச்சர் பதவியும் இல்லை. காலமறிந்து இறங்கியிருந்தால் அந்தப் பூசலைத் தவிர்த்திருக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் குறைகளைச் சொல்லும்போதும் யாரும் மறுக்காத ஒன்று உண்டு. தந்தையார் விட்டுச்சென்ற ரப்பர் நிலத்தில் பெரும்பகுதியை அரசியல் வாழ்க்கையில் அவர் விற்றே தீர்த்தார் என்பதுதான் அது. அரசியலுக்கு வந்து நிலம் சேர்த்தவர்களை நமக்குத் தெரியும். நிலத்தோடு வந்து நிலத்தை இழந்துவிட்டுப் போனவர் அவர். 1979 மே 18-இல், 60 வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, காலமானார்.

மூன்று கேள்விகள்

இந்தக் கதையிலிருந்து நான் எனக்காக மூன்று கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டேன். இனி எந்த அரசியல்வாதியின் சேவைக் குறிப்பை வாசித்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், மனத்துக்குள் இவற்றைக் கேட்டுக்கொள்வேன்.

முதல் கேள்வி: இந்தச் சேவைக்கு யாருடைய பணம்? மக்கள் வரிப்பணத்தில் வரும் மானியத்தைப் பெரிய அட்டையில் எழுதிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது அவருடைய கடமை. அதைச் சேவை என்று சொல்வதற்கு முன், தம் பங்குக்கு அவர் எதை வைத்தார் என்று பார்க்கவேண்டும். பணமாக இருக்கவேண்டும் என்பதில்லை. நேரமாக இருக்கலாம், உழைப்பாக இருக்கலாம், செல்வாக்கை இழக்கும் துணிச்சலாகவும் இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: மக்கள் நிமிர்ந்தார்களா, கையேந்தி நின்றார்களா? ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே குடும்பம் அதே வரிசையில் அதே கூடைக்கு நிற்கிறது என்றால் அந்தச் சேவை எதையும் மாற்றவில்லை என்று பொருள். உதவி கூடாது என்று நான் சொல்லவில்லை. பசிக்கிற வீட்டுக்கு அரிசிதான் முதலில் போகவேண்டும். ஆனால் அரிசியோடு நின்றுவிடக் கூடாது.

மூன்றாவது கேள்வி: அவர் போன பிறகு அது நிற்குமா? சம்பந்தன் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. கோலாலம்பூர் சுல்தான் சுலைமான் சாலையில் அதன் கட்டடம் அவர் பெயரோடு நிற்கிறது. அங்கேயுள்ள டான் ஸ்ரீ சோமா அரங்கத்தில் எத்தனை நூல் வெளியீடுகள், எத்தனை இலக்கிய நிகழ்ச்சிகள்! நானே அந்த மேடையில் அறிவிப்பு செய்திருக்கிறேன். சொகுசான நாற்காலியில் சாய்ந்து கவிதை கேட்கிறோமே, அந்த நாற்காலிக்கு அடியில் ஏதோ ஒரு தோட்டத்தில் ஏதோ ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த பத்து வெள்ளி இருக்கிறது. அதை நாம் மறந்துவிடக் கூடாது.

இன்றைக்கு என்ன வேலை?

கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. துண்டாடல் என்ற சொல் பழையதாகிவிட்டது. ஆனால் தோட்டம் கைமாறும்போது அங்கே வாழ்ந்தவர்களுக்கு வீடு உண்டா என்ற கேள்வி பழையதாகவில்லை. சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு. இன்று ஏறக்குறைய 530. எஞ்சியவற்றிலும் பல பள்ளிகள், பிள்ளைகள் இல்லாத தோட்டங்களில் விரல்விட்டு எண்ணும் மாணவர்களோடு நிற்கின்றன. பிள்ளைகள் இருக்கும் பட்டணத்துக்கு அந்தப் பள்ளியை எப்படிக் கொண்டுபோவது? நிலம் யார் தருவது? நகரத்து அடுக்குமாடி வீடுகளில் வேலையும் துணையும் இல்லாமல் தவிக்கும் இளைஞர்களை எப்படி ஒன்று சேர்ப்பது? இவைதாம் இன்றைய தோட்டத் துண்டாடல்கள். இவற்றுக்குக் கூடை விடை ஆகாது.

மேடையில் இருக்கும் அரசியல்வாதிகளை மட்டும் நான் குறை சொல்லவில்லை. கீழே உட்கார்ந்திருக்கும் நாமும் மாறவேண்டும். 'என்ன கொடுப்பார்?' என்று கேட்டால் கூடைதான் வரும். 'என்ன திட்டம்? அதில் எங்கள் பங்கு என்ன? கணக்கை எப்போது காட்டுவீர்கள்?' என்று கேட்டால்தான் இன்னொரு சம்பந்தன் வருவார். 1960-இல் ஒரு தலைவர் மட்டும் வந்திருந்தால் போதாது. முந்தானை முடிச்சை அவிழ்த்த அந்தத் தாய்மார்களும் வந்ததால்தான் தோட்டம் மிஞ்சியது.

கடைசியாக ஒன்று. அந்தப் பாட்டியை மறுபடியும் பார்க்கவேண்டும் என்று அடுத்த ஆண்டு அதே தோட்டத்துக்குப் போனேன். லயங்கள் காலியாக இருந்தன. கோயிலில் மட்டும் விளக்கு எரிந்தது. பாட்டி மகன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பூசாரி சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அவருக்குச் சொல்லவேண்டிய பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது. 'இல்லை பாட்டி, அந்தத் தாளில் உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.'

இப்போதெல்லாம் நிகழ்ச்சிக்கு அழைக்கும் ஏற்பாட்டாளர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். பிரமுகரின் குறிப்போடு, அந்த ஊர் மக்களுக்கு அவரால் என்ன நடந்தது என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்கிறேன். சிலர் எழுதித் தருகிறார்கள். சிலர் அதன்பிறகு என்னை அழைப்பதில்லை. பரவாயில்லை. அந்த ஒரு வரியைத் தேடும் பழக்கம் உங்களுக்கும் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.